வீட்டுப் பரணில் பழைய வெள்ளி டீ பாட் கிடக்குதா? எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

வெள்ளி விலை ஏறிக் கிடக்கும் நேரம். பழைய டிரங்குப் பெட்டியில் கறுத்துப் போன டீ பாட், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம் என ஏதாவது கிடைத்தால், நேரே நகைக்கடைத் தராசுக்குக் கொண்டு போறவங்கதான் அதிகம். அங்கே எடைக்கு மட்டும்தான் காசு. வேலைப்பாடு உருக்கு உலையோடு போயிடும்.

கடலாடி, சாயல்குடி பக்கம் இதெல்லாம் எங்கே இருக்கப் போகுதுன்னு நினைக்காதீங்க. தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் 1964 புயல் வரை ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் மண்டபம் முகாம் வழியாகத்தான் கடல் தாண்டினார்கள். அக்கரைக்குப் போய்வந்த வியாபாரக் குடும்பங்களின் வீட்டுச் சாமான்களும் இதே பாதையில்தான் வந்தன. பக்கத்துக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த சாமான்களை இன்றும் பார்க்கலாம்.

'சுவாமி சில்வர்' என்றால் என்ன?

மெட்ராஸின் தனி அடையாளம் இது. வெள்ளித் தகட்டை உள்பக்கம் இருந்து தட்டி, வெளியே சாமி உருவங்களைப் புடைக்க வைப்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார் டீ குடிக்கும் பாத்திரத்தைச் சுற்றி நம்ம ஊர் தெய்வங்கள்! பாம்பு வடிவக் கைப்பிடியும் உண்டு. மவுண்ட் ரோட்டில் இருந்த பி.ஓர் அண்ட் சன்ஸ் இதற்குப் பேர் போன நிறுவனம். கல்கத்தாவில் ஹாமில்டன், குஜராத்தின் புஜ் நகரில் ஊமர்சி மாவ்ஜி என மற்ற ஊர்களிலும் பெரிய பெயர்கள் இருந்தன.

முத்திரையில் என்ன பார்க்கணும்?

பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பாருங்க. நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தில் சோதித்த 92.5 சதவீத வெள்ளி. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். ஆனால் அந்தக் கால இந்தியத் தயாரிப்பாளர்கள் சிலர் இதே மாதிரி தெரியும் முத்திரைகளைத் தாங்களாகவே குத்திக்கொண்டார்கள், அதனால் முத்திரையை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது. 'இ.பி.என்.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி முலாம்தான். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வர். பேரில்தான் சில்வர், உள்ளே பொட்டு வெள்ளி கிடையாது.

கைப்பிடியில் வெள்ளையாக இரண்டு வளையம் இருக்கா? அங்கேதான் சிக்கல். சூடு கைக்கு ஏறாமல் இருக்க அந்தக் காலத்தில் தந்தம் வைத்தார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரத்துக்குத் தடை இருக்கு. வாங்குவதோ விற்பதோ, இதைத் தெளிவுபடுத்தாமல் கை வைக்காதீங்க.

வெளிநாட்டுக்குக் கொண்டு போகலாமா?

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஞாபகமாகக் கொடுத்து விடலாம் என்பது பலரின் ஆசை. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டு போக முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. வயது குறைவு என்று நினைத்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிய பிறகு பெட்டி கட்டுங்க. உள்நாட்டில் வைத்திருக்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். இதையே தொழிலாகச் செய்தால் உரிமம் வேணும்.

கறுப்பை எப்படி எடுப்பது?

காற்றில் உள்ள கந்தகம் பட்டுத்தான் வெள்ளி கறுக்கும். ஈரக் காற்று அதை வேகப்படுத்தும், கடலோர வீடுகளில் இன்னும் சீக்கிரம். நம்ம வீடுகளில் விபூதி போட்டுத் தேய்ப்பாங்க, சாதாரணத் தட்டுக்கு அது ஓகே. சுவாமி சில்வரை அழுத்தித் தேய்த்தால் சாமி முகத்தில் மூக்கு, கண் மழுங்கிடும். முலாம் பாத்திரம் என்றால் முலாமே போயிடும். அலுமினியத் தாள், சோடா உப்பு வைத்தியமும் வேண்டாம், பள்ளங்களில் இருக்கும் அழகான கறுப்பு நிழலையும் அது சேர்த்து எடுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் உடனே ஈரம் போகத் துடைத்து, காற்றுப் புகாமல் வைத்தால் போதும். ரப்பர் பேண்ட் மட்டும் போட்டுடாதீங்க, அதிலும் கந்தகம் இருக்கு.

விற்பதாக முடிவெடுத்தால், அடி முத்திரையையும் வேலைப்பாட்டையும் தெளிவாகப் போட்டோ எடுத்து, எடையைக் குறித்து வைத்து, குறைந்தது இரண்டு பேரிடமாவது விலை கேளுங்க.