இரண்டாம் நம்பர் கட்டை எங்கே போனது?



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறார். புதிதாக கோல்ஃப் பழகுகிறாராம். "சார், ஒரு 3-வுட் வாங்க வேண்டும். பெரிய வீரர்கள் 13 டிகிரி வைத்திருக்கிறார்கள். அதையே வாங்கட்டுமா, இல்லை கையில் இருக்கும் 15 டிகிரியைக் குறைத்து வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருந்தார். விலையைச் சொன்னார், ஒரு குடும்பத்தின் மாதச் செலவு அது. சமூக அறிவியல் நடத்திய வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இதற்கு விடை வரலாற்றில்தான் இருக்கிறது. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. கோல்ஃப் மட்டைகளில் தலை பருத்தவற்றுக்கு 'வுட்' என்று பெயர். ஒரு காலத்தில் அவை உண்மையிலேயே மரக்கட்டையால் ஆனவை. மட்டையின் முகம் செங்குத்திலிருந்து எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறதோ அந்தக் கோணம்தான் லாஃப்ட். உங்கள் ஜியோமிதிப் பெட்டியின் கோணமானியை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்வு கூடினால் பந்து உயரப் போகும். குறைந்தால் தாழ்ந்து பறக்கும், தரையில் விழுந்த பிறகும் ஓடும். டிரைவரால் அடிக்கும்போது பந்தைச் சின்னக் குச்சிமேல் நிறுத்தலாம். ஃபேர்வே வுட்டுக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. புல்தரையில் கிடக்கும் பந்தை அப்படியே எடுத்தாக வேண்டும். வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் ஓடுகிறது.

கடையில் போய்ப் பாருங்கள். டிரைவர் இருக்கும், அதுதான் ஒன்றாம் நம்பர். அடுத்து 3, 5, 7 வரிசையாக இருக்கும். 2-ஐக் காண்பது அபூர்வம். அது எங்கே போனது?

ஸ்காட்லாந்துக்குப் போவோம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பந்து என்பது தோல் பைக்குள் இறகைத் திணித்துத் தைத்தது. மட்டையின் தலை முள்மரம், ஆப்பிள், பேரி போன்ற மரங்களில் நீண்டு மெலிந்த மூக்காகச் செதுக்கப்பட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஹியூ ஃபில்ப் என்ற தச்சர் செய்த மட்டைகளை இன்றும் பொக்கிஷமாகப் பாதுகாக்கிறார்கள். தரையிலிருந்து பந்தை எடுக்கும் மட்டைக்கு 'ஸ்பூன்' என்று பெயர். முகம் கரண்டி போலக் கொஞ்சம் குழிந்திருந்ததால் வந்த பெயர். சாய்வுக்கும் நீளத்துக்கும் ஏற்ப லாங் ஸ்பூன், மிட் ஸ்பூன், ஷார்ட் ஸ்பூன் என்று வகைகள் இருந்தன. கனம் போதாவிட்டால் தலையின் பின்புறத்தைக் குடைந்து ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள். சாய்வு போதாவிட்டால் முகத்தை அரத்தால் ராவினார்கள். மட்டையைத் திருத்துவது என்பது மட்டையோடு கூடவே பிறந்த வழக்கம்.

1848 வாக்கில் குட்டாபெர்ச்சா பந்து வந்தது. மலாயாக் காட்டு மரங்களின் பாலை இறுக்கிச் செய்த கெட்டியான பந்து. விலை மலிவு, ஆனால் மெல்லிய மூக்கு மட்டைகள் அதன் அடி தாங்காமல் விரிசல் விட்டன. மூக்கு குட்டையாகி, தலை பருத்தது. பந்து மாறினால் மட்டை மாறும். இந்த விதி அன்று முதல் இன்றுவரை செல்லுபடியாகிறது.

விழுந்த இடத்திலிருந்தே பந்தை அடிக்க வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் சட்டம். பந்து வண்டிப்பாதையில் கிடக்கும், கல்லில் கிடக்கும். அங்கே அடித்தால் மரத்தலையின் அடிப்பாகம் சிதையும். அதைக் காக்க அடியில் பித்தளைத் தகடு பதித்தார்கள். பித்தளைக்கு ஆங்கிலத்தில் 'பிராஸ்'; ஆகவே அந்த மட்டைக்கு 'பிராஸி' என்று பெயர் வந்தது. டிரைவரைவிடச் சற்றே கூடுதல் சாய்வு, ஸ்பூனைவிடக் குறைவு. பின்னாளில் பெயர்கள் போய் எண்கள் வந்தபோது பிராஸி 2-வுட் ஆனது, ஸ்பூன் 3-வுட் ஆனது. நாம் தேடும் இரண்டாம் நம்பர் இந்தப் பிராஸிதான்.

அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்து 1899-இல் காப்புரிமை வாங்கினார். 1902-இல் ஹாய்லேக்கில் சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தால் ஓபன் பட்டம் வென்றதும் எல்லோரும் அதற்கு மாறினார்கள். மட்டைத் தலைக்கு அமெரிக்கப் பெர்சிமன் மரம் நிலைத்தது. இந்த மரம் நமக்கு அந்நியமல்ல. நம் ஊர்க் கருங்காலியும், பீடி சுற்றும் இலை தருகிற மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. கருங்காலி உலக்கையைத் தூக்கியவர்களுக்கு அந்த இறுக்கம் புரியும்.

இனி முக்கியமான நாளுக்கு வருவோம்: 1935 ஏப்ரல் 7, ஜார்ஜியா மாநிலம் அகஸ்டா. இன்று மாஸ்டர்ஸ் என்று அழைக்கப்படும் போட்டியின் இரண்டாம் ஆண்டு. ஜீன் சாராசென் என்ற வீரர், இத்தாலியிலிருந்து வந்த தச்சர் ஒருவரின் மகன். சிறுவயதில் பிறர் பையைச் சுமந்த கேடி. கிரெய்க் வுட் மூன்று அடி முன்னிலையில் ஆட்டத்தை முடித்துவிட்டார். சாராசென் 15-ஆவது குழியில் நிற்கிறார். குழிக்கு ஏறக்குறைய 235 கஜம், நடுவில் குளம். பந்து கிடந்த இடமோ நன்றாக இல்லை.

தூரத்தைப் பார்த்தால் 3-வுட் எடுக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கிடப்பிலிருந்து பந்து எழாது. சாராசெனும் 'ஸ்டவ்பைப்' என்ற பட்டப்பெயர் கொண்ட அவருடைய கேடியும் யோசித்தார்கள். கடைசியில் கையில் எடுத்தது 4-வுட். புல்லுக்குள் இறங்கிப் பந்தை எடுப்பதற்கென்றே அடிப்பாகம் வடிவமைக்கப்பட்ட 'டர்ஃப்ரைடர்' என்ற புது மட்டை அது. தூரம் குறையுமே? அதற்கு அவர் முகத்தைச் சற்று உள்ளே திருப்பிப் பிடித்துச் சாய்வைக் குறைத்துக்கொண்டார். அடித்த பந்து குளத்தைத் தாண்டி நேரே குழிக்குள் விழுந்தது. ஐந்து அடி அனுமதித்த குழி இரண்டே அடியில் முடிந்தது. மூன்று அடிப் பின்னடைவு ஒரே அடியில் தீர்ந்தது. மறுநாள் 36 குழி பிளேஆஃபில் ஐந்து அடி வித்தியாசத்தில் பட்டம் அவருக்கு.

எல்லோரும் அந்த அடியைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். பந்து கிடக்கும் கிடப்புக்கு ஏற்ப எழுப்பக்கூடிய மட்டையைத் தேர்ந்தார். தனக்குத் திறமை இருந்த அளவுக்கு மட்டும் சாய்வைக் குறைத்தார். இந்த வரிசைதான் பாடம்.

மூன்று ஆண்டுகள் கழித்துச் சட்டம் குறுக்கே வந்தது. அதுவரை சில வீரர்கள் 20-க்கும் மேற்பட்ட மட்டைகளைச் சுமக்க வைத்தார்கள். 1938-இல் அமெரிக்காவும் 1939-இல் பிரிட்டனும் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது என்றன. இனி எதை விடுவது? டிரைவருக்கும் 3-வுட்டுக்கும் இடையில் நெருக்கியடித்துக் கிடந்த பிராஸி மீது எல்லோர் கண்ணும் விழுந்தது. சாய்வு குறைந்த மட்டையால் தரையிலிருந்து பந்தை எழுப்ப நல்ல வேகமும் துல்லியமும் வேண்டும். அந்த வேகம் இல்லாதவர் அடித்தால் பந்து சீக்கிரமே விழுந்துவிடும். சாய்வு கூடிய மட்டையை விடவும் குறைந்த தூரமே போகும். பெரும்பாலோருக்கு அது பையில் இருந்த அலங்காரம். மெல்ல மெல்ல மறைந்தது.

ஆனால் மறைந்தது பெயர்தான். 1979-இல் கேரி ஆடம்ஸ் என்பவர் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி, உள்ளே வெற்றிடம் விட்ட எஃகுத் தலையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எஃகு நகரான பிட்ஸ்பர்க்கின் பெயரைச் சேர்த்து அதைப் 'பிட்ஸ்பர்க் பெர்சிமன்' என்றே அழைத்தார்கள். கெட்டி மரத்தில் கனத்தை இஷ்டத்துக்கு இடம் மாற்ற முடியாது. கூடான எஃகில் முடியும். கனத்தை அடியில் இறக்கினால் புவியீர்ப்பு மையம் தாழும், குறைந்த சாய்விலும் பந்து எழும். ஆகவே பழைய பிராஸியின் சாய்வு, 3-வுட் என்ற பெயரில் திரும்பி வந்தது.

2013-இல் முயர்ஃபீல்டில் தரை காய்ந்து இறுகிக் கிடந்தது. ஃபில் மிக்கெல்சன் டிரைவரையே பையிலிருந்து எடுத்துவிட்டு, 13 டிகிரி 3-வுட்டை நம்பினார். கடைசி நாள், நீளமான 17-ஆவது குழியில் அதே மட்டையால் இரண்டு அடி, பந்து கிரீனில். அன்று 66 அடித்து ஓபன் பட்டம் வென்றார். 2016-இல் ராயல் ட்ரூனில் அதே மிக்கெல்சனை மூன்று அடியில் வென்றவர் ஸ்வீடனின் ஹென்ரிக் ஸ்டென்சன். கடைசி நாள் 63, மொத்தம் 264. அவர் கையிலும் 13 டிகிரி 3-வுட்தான். புது மாடல்கள் வந்துகொண்டே இருந்தும் அவர் அந்தப் பழைய மட்டையைப் பல ஆண்டுகள் விடவில்லை.

தம்பி பார்த்தது இவர்களைத்தான். இவர்களுடைய மட்டையை வாங்கிவிடலாம், வேகத்தைக் கடையில் வாங்க முடியாது.

அப்படியானால் 15-ஐக் குறைத்துக்கொள்ளலாமா? இன்றைய பல மட்டைகளில் தண்டும் தலையும் சேரும் இடத்தைத் திருகிச் சாய்வை மாற்றும் வசதி உண்டு. ஒன்று கவனிக்க வேண்டும். அப்படிச் சாய்வைக் குறைத்துத் தரையில் வைத்தால், முகம் சற்று வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். சாராசென் முகத்தை உள்ளே திருப்பிக் குறைத்தார். திருகாணி வெளியே திறந்து குறைக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களில் பலருக்குப் பந்து ஏற்கெனவே வலப்பக்கம் வளைந்து ஓடும். இது அதை இன்னும் மோசமாக்கும். தண்டை வெட்டிக் குறுக்கினால் கட்டுப்பாடு கூடும், ஆனால் தலை கனமற்றதாகத் தோன்றும். அதற்கு ஈயப் பட்டை ஒட்டுவார்கள். ஹியூ ஃபில்ப் காலத்து ஈயம்தான், இப்போது நாடாவாக வருகிறது. எதைச் செய்வதானாலும் ஆட்டத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். சுற்றின் நடுவில் மாற்றினால் விதிமீறல்.

ஆகவே என் விடை: 15 டிகிரியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. குச்சி இல்லாமல், வெறும் புல்லிலிருந்து பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். ஏழெட்டுப் பந்து நன்றாக எழுந்து பறக்கும் காலம் வந்தால் குறைந்த சாய்வைப் பற்றி யோசிக்கலாம். எழவில்லையென்றால் 5-வுட்டை நோக்கி நகருங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. அகஸ்டாவில் வரலாறு படைத்தது நான்காம் நம்பர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இன்றும் பை சுமக்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள். எந்தப் புல்லில் எந்தக் கட்டை எழும் என்பதை விளம்பரத்தை விட அவர்கள் நன்றாக அறிவார்கள். மைதானத்துக்குப் போனால் அவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள், சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், கூலியை மனம் நிறையக் கொடுங்கள். சாராசென் அந்த வேலையிலிருந்து வந்தவர்தான்.

வாழ்க வளமுடன். படித்தவர்கள் ஒரு வரி எழுதுங்கள். யார் யார் படித்தீர்கள் என்று வருகைப்பதிவு எடுப்பேன்!