கோலும் கயிறும்

இன்று நான் எடுத்துக்கொண்டது ஓர் ஆங்கில அடைமொழி: 'அன்றூலி'. 'றூல்' என்பதன் மூலம் இலத்தீனில் 'றெகுலா'. நேர்கோல் என்பது பொருள். ஆகவே, கோலுக்கு அமையாதது அன்றூலி. குழந்தைக்கும் கூந்தலுக்கும் கூட்டத்துக்கும் அதனைச் சொல்வர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் நாவுக்கே சொல்லிற்று.

நாமோ 'கட்டுக்கடங்காத' என்கிறோம். அவர்கள் கோலை நினைத்த இடத்தில் நாம் கயிற்றை நினைத்தோம். மயிலிட்டிக் கரையில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மரங்களைக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். அச்சொல்லை 1697இலேயே வில்லியம் டம்பியரின் பயண நூல் ஆங்கில வாசகருக்கு எடுத்துச் சென்றது. 1964 டிசெம்பரில் நமது வடபகுதியையும் தனுஷ்கோடியையும் தாக்கிய புயல் உண்மையிலேயே கட்டுக்கடங்காதது. காற்றைக் கட்ட எவரிடமும் கயிறில்லை.

ஆனால், 1990 யூனில் மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்ததைக் 'கட்டுக்கடங்காத போரின் விளைவு' என்று எழுதப் போனால் என் பேனா தயங்குகிறது. போர் முடிந்தது 2009இல். இராணுவத்தின் வசமிருந்த துறைமுகமும் அதனையொட்டிய 54 ஏக்கர் நிலமும் மக்கள் கைக்கு வந்தது 2017 யூலையில். இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் வழிமறித்து நின்றது புயலன்று, முட்கம்பி. அதனைக் கட்டியவரும் மனிதர், அவிழ்த்தவரும் மனிதர்.

கடலுக்குரிய அடைமொழியைக் கம்பிக்குக் கொடுத்தால், கட்டிய கை மறைந்துவிடும். சொல்லை இடமறிந்து சொல்வோம்.