வேறுபாட்டு ஏற்பிகளில் இரைச்சல் குறைப்பு

இரண்டு கம்பிகளில் வரும் மின்னழுத்தங்களின் வேறுபாட்டை மட்டும் செய்தியாக எடுத்துக்கொண்டு, இரண்டிலும் ஒருசேர ஏறிய இரைச்சலைத் தள்ளிவிடும் மின்சுற்று வேறுபாட்டு ஏற்பி எனப்படும். ஈதர்நெட், எச்.டி.எம்.ஐ., பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் போன்ற அதிவேக இணைப்புகள் இதை நம்பியே இயங்குகின்றன. கழித்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று இதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. அந்தக் கழித்தல் எவ்வளவு தூய்மையாக நடக்கும் என்பது இரண்டு பாதைகளும் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. வேகம் ஏற ஏற அந்தச் சமச்சீரைக் காக்கும் பொறுப்பு கம்பியிலிருந்து சுற்றுக்கும், சுற்றிலிருந்து பலகைக்கும் பரவியதே இத்துறையின் வரலாறு.

தொடக்ககாலத் தொலைபேசியில் ஒரே கம்பிதான் இருந்தது; மின்னோட்டம் மண் வழியாகத் திரும்பியது. அருகில் ஓடிய தந்திக் கம்பிகளின் துடிப்பும், 1880-களில் வந்த மின்சார டிராம்களின் உறுமலும் பேச்சோடு கலந்து கேட்டன. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற முறுக்கிய இணைக்கம்பி இதற்கு விடையாயிற்று. வெளிக் காந்தப்புலம் ஒரு முறுக்கில் தூண்டும் மின்னழுத்தத்தை அடுத்த முறுக்கில் எதிர்த்திசையில் தூண்டப்படும் மின்னழுத்தம் ஈடுசெய்கிறது. இரண்டு கம்பிகளும் இரைச்சல் மூலத்திலிருந்து சராசரியாக ஒரே தொலைவில் அமைகின்றன. முறுக்க முடியாத திறந்தவெளிக் கம்பிகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் இடம் மாற்றிக் கட்டியதும் இதே நோக்கத்தில்தான். சமச்சீர் அப்போது முழுக்கக் கம்பியின் வேலையாக இருந்தது.

அதைச் சுற்றின் வேலையாகவும் ஆக்கியவர்களுள் இருவர் முக்கியமானவர்கள். நரம்பின் மிக நுண்ணிய மின்னழுத்தங்களை அளக்கும் தேவையால் கேம்பிரிட்ஜின் பிரையன் மேத்யூஸ் 1934-இல் வேறுபாட்டுப் பெருக்கி ஒன்றை விவரித்தார். இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1936-இல் 'நீள்வால் இணை' எனும் சுற்றுக்குக் காப்புரிமை கோரினார். தொலைக்காட்சிச் சைகைகளை லண்டன் நகரினூடே நெடுங்கம்பியில் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். இரண்டு வெற்றிடக் குழாய்களின் எதிர்மின்வாய்களை இணைத்து, அந்தச் சந்திப்பை ஒரு பெரிய மின்தடை வழியே இறக்கினார். இரண்டு உள்ளீடுகளும் சேர்ந்து உயர முயன்றால் மொத்த மின்னோட்டம் கூட வேண்டும். 'வால்' எனப்படும் அந்த மின்தடை அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்தால் மட்டும் மின்னோட்டம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுகிறது. வெற்றிடக் குழாயின் இடத்தில் டிரான்சிஸ்டரும், மின்தடையின் இடத்தில் மாறா மின்னோட்ட மூலமும் வந்தபின்னும் இன்றைய ஏற்பிகள் பலவற்றின் முன்வாசலில் இந்தச் சுற்றே நிற்கிறது.

சைகையையே பெரிதாக்கினால் இரைச்சல் தானே அமுங்கிவிடாதா என்ற கேள்வி இயல்பானது. வரலாறு எதிர்த்திசையில்தான் நடந்தது. 1975-இல் வந்த ஆர்.எஸ். 422 தரநிலை, இரண்டு கம்பிகளிலும் ஒருசேர ஏறும் பொது இரைச்சல் ±7 வோல்ட் வரை இருந்தாலும், 200 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைந்த வேறுபாட்டையும் ஏற்பி உணர வேண்டும் என்றது. 1990-களின் நடுவில் வந்த எல்.வி.டி.எஸ். தரநிலை, அனுப்பப்படும் சைகையையே மேலும் சிறிதாக்கியது. அதில் 3.5 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஏற்பியின் வாயிலில் உள்ள 100 ஓம் மின்தடையில் பாய்ந்து 350 மில்லிவோல்ட்டை உண்டாக்குகிறது. ஒரு கம்பி 1.375 வோல்ட்டிலும் மற்றது 1.025 வோல்ட்டிலும் இருப்பதாகக் கொள்வோம். அரை வோல்ட் இரைச்சல் இரண்டிலும் ஏறினால் அவை 1.875, 1.525 ஆகின்றன, வேறுபாடு மாறுவதில்லை. பெரிய சைகை மேலேறிக் கீழிறங்க நேரம் எடுக்கும், மின்சாரத்தைத் தின்னும், பக்கத்துக் கம்பிக்குத் தானே இரைச்சலாகும். சமச்சீர் நம்பகமாக இருந்ததால்தான் சைகையைச் சிறிதாக்கி வேகத்தைக் கூட்ட முடிந்தது.

நொடிக்குப் பல நூறு கோடி பிட்டுகள் என்ற நிலையில் அந்த நம்பகம் சோதனைக்கு உள்ளானது. நொடிக்கு 1,000 கோடி பிட்டுகள் செல்லும் தடத்தில் ஒரு பிட்டின் காலம் 100 பிக்கோநொடி. வழக்கமான கண்ணாடியிழைப் பலகையில் ஒரு தடம் மற்றதைவிட 1 மில்லிமீட்டர் நீண்டால் சுமார் 7 பிக்கோநொடி பிந்துகிறது. பலகைக்குள் இருக்கும் இழையின் நெசவுகூட ஒரு தடத்தைத் தாமதப்படுத்தக்கூடும். இப்படிச் சமநிலை குலைந்தால் பொது இரைச்சலின் ஒரு பகுதி வேறுபாடாக உருமாறுகிறது. அதன்பின் எந்தக் கழித்தலும் அதைப் பிரித்தெடுக்காது. ஏற்பியின் வாலில் ஒட்டியிருக்கும் சிறு மின்தேக்கமும் உயர் அதிர்வெண்ணில் பொது இரைச்சலுக்கு வழி திறந்துவிடுகிறது. ஆகவே தடங்களின் நீளத்தைச் சமமாக்குவது, ஏற்பியின் வாயிலில் உள்ள 100 ஓம் முடிவு மின்தடையை அதன் கால்களை ஒட்டியே வைப்பது, அந்த மின்தடையை இரண்டு 50 ஓம்களாகப் பிரித்து நடுப்புள்ளியை மின்தேக்கி வழியே தரையிறக்குவது, மின்வழங்கலின் அலைவை அருகிலேயே வடிப்பது ஆகியவை வடிவமைப்பின் அடிப்படை விதிகளாயின.

இன்றைய ஏற்பிகளில் சமன்படுத்திகள் இருக்கும்போது இத்தனை கவனம் எதற்கு என்று வாதிடுவோர் உண்டு. கம்பி தின்றுவிட்ட உயர் அதிர்வெண்களைச் சமன்படுத்தி மீட்டுத் தருவது உண்மை. ஆனால் தொடர்நேரச் சமன்படுத்தி அந்த அதிர்வெண்களில் உள்ள இரைச்சலையும் சேர்த்தே உயர்த்துகிறது. முந்தைய பிட்டுகளின் தீர்ப்பைக் கொண்டு திருத்தும் பின்னூட்டச் சமன்படுத்தி இரைச்சலைப் பெருக்குவதில்லை. ஆனால் ஒரு தீர்ப்பு தவறினால் அந்தத் தவறு அடுத்த பிட்டுகளுக்கும் பரவலாம். ஒளியிழையும் முழு விடுதலை தரவில்லை: ஒளி மின்சாரமான பிறகு சில்லுகளுக்கிடையே அது பெரும்பாலும் வேறுபாட்டு இணையில்தான் பயணிக்கிறது.

கழித்தலுக்கு அடங்காத இரைச்சலும் ஒன்று உண்டு. ஜான்சனும் நைக்விஸ்டும் 1928-இல் விளக்கிய வெப்ப இரைச்சல் ஒவ்வொரு மின்தடையிலும் தனித்தனியே பிறப்பதால் இரண்டு கம்பிகளிலும் ஒத்திருப்பதில்லை. அறை வெப்பநிலையில் 100 ஓம் மின்தடை, 5 கிகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஏறத்தாழ 90 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானே எழுப்புகிறது. இதைத் தவிர்க்க இயலாது; சமச்சீர்க் குறைபாட்டால் நுழையும் இரைச்சலைத் தவிர்க்க இயலும். வடிவமைப்பாளரின் உழைப்பு முதலில் சேர வேண்டிய இடம் அதுவே.