முதலில் தண்ணீரைத்தான் நிறுத்துவார்கள்

வீட்டை இடிக்க நினைப்பவர் முதல் நாளே கடப்பாரையோடு வருவதில்லை. முதலில் தண்ணீர் மோட்டார் பழுதாகும். பிறகு கரண்ட் போகும். அடைத்துக்கொண்ட கழிவறையைச் சரிசெய்ய ஆள் வராது. ஒவ்வொரு குடும்பமாகச் சாமானைக் கட்டும். கடைசியில், 'அவர்களாகவே காலி செய்துவிட்டார்கள்' என்று சொல்லி இடிப்பார்கள். சென்னையின் பழைய குடித்தனங்களில் நாம் பார்த்துவரும் கதை இது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குடியிருப்பவர் அனுபவித்துவரும் வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்றது. இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொன்னால், வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்குவதாக அவர் உறுதி தர வேண்டியிருந்தது. தவறினால் பழைய குடித்தனக்காரர் திரும்பி வர உரிமை கேட்க முடிந்தது. 1971-ஆம் ஆண்டு குடிசைப்பகுதிச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. அறிவிக்கப்பட்ட பகுதியில் வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற வழக்குப் போடவே அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்றது.

பிறகு ஏன் நாம் தெருவில் நிற்கிறோம்? காகிதத்தில் ஏறியவர்களைத்தான் இந்தச் சட்டங்கள் காக்கின்றன. சென்னையில் 1971-இல் 1,202 குடிசைப்பகுதிகள் பட்டியலில் ஏறின. 1985-இல் மேலும் 17. அதன்பின் பல பத்தாண்டுகள் பட்டியல் நீளவேயில்லை. சேரிகள் மட்டும் பெருகின. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டமும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறியதையே வெளியேற்றுவதற்கான காரணங்களில் ஒன்றாகவும் வைத்திருக்கிறது.

யாரிடம் ஒப்பந்தம் இருக்காது? சாதியை விசாரித்து வீடு கொடுக்கும் ஊரில், நமக்குக் கிடைப்பது வாய்வார்த்தை வீடுதான். எழுதிக் கேட்டால் 'வேறிடம் பார்' என்பார்கள்.

நியூயார்க்கில் 1983 முதல், ஒற்றையறைக் குடியிருப்புக் கட்டடத்தை இடிக்கவோ மாற்றிக் கட்டவோ விரும்பும் உரிமையாளர், குடியிருப்போரைத் துன்புறுத்தவில்லை என்று நகர நிர்வாகத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். இங்கும் இடிப்பு அனுமதிக்கு முன் அப்படியொரு விசாரணை வேண்டும். ஒப்பந்தம் இல்லாதவரின் ரேஷன் அட்டையையும் அதில் ஆதாரமாக ஏற்க வேண்டும்.

அதுவரை, தண்ணீர் நின்ற அன்றே தேதி போட்டுப் புகார் கொடுப்போம். ஒப்புகைச் சீட்டு வாங்கி வைப்போம். காகிதம்தான் கேட்கிறார்கள். நம் காகிதத்தை நாமே உண்டாக்குவோம்.