பலூன் பிறந்த கதை

யாழ்ப்பாணத்தில் இரவில் வல்லை வெளியாலோ கண்டி வீதியாலோ மோட்டார் சைக்கிளில் வரும் பெடியனை மறித்து, பொலிஸ் ஊதச் சொல்லி நீட்டும் பலூனுக்கு வயது நூறை நெருங்குகிறது. அதன் மூதாதை ஒரு உதைபந்தின் உட்பை.

முன்பெல்லாம் ஒருவர் வெறியில் வாகனம் ஓடினாரா என்பதை முடிவுசெய்தது வாய்மணமும், கோட்டில் நடக்கவிட்டுப் பார்ப்பதும், வைத்தியரின் அபிப்பிராயமும்தான். காய்ச்சலில் தடுமாறியவன் அகப்பட்டான். மொடாக்குடியன் நேராக நடந்து தப்பினான். நீதிமன்றத்தில் வைக்கத்தக்க ஓர் அளவு தேவைப்பட்டது.

மது மூச்சோடும் வெளியேறுகிறது என்பதை லண்டன் வைத்தியர் பிரான்சிஸ் ஆன்ஸ்ரி 1874ஆம் ஆண்டளவிலேயே காட்டியிருந்தார். அதை அளவாக மாற்றியவர்களில் முந்தியவர் எமில் போகன் என்ற அமெரிக்க வைத்தியர். குடித்தவர்களை உதைபந்தின் உட்பையில் ஊதவைத்து, அந்த மூச்சை அமிலக் கரைசலுக்குள் விட்டு, நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார். 1927இல் முடிவுகளை வெளியிட்டார். பிறகு இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் ரொல்லா ஹார்கர், பலூனில் ஊதும் ஒரு கருவியைச் செய்தார். 1938ஆம் ஆண்டின் கடைசி இரவில், புதுவருடக் கொண்டாட்டத்துக்கு நடுவே, இந்தியானாபொலிஸ் நகரப் பொலிஸார் அதைப் பயன்படுத்தினார்கள். அது மேசைக்குரிய கருவி. வீதிக்கு வந்தது ஜேர்மனியின் ட்ரேகர் கம்பனி 1953இல் செய்த கண்ணாடிக் குழாய். சுரங்கங்களில் நச்சுவாயுவைக் கண்டுபிடிக்கக் குழாய் செய்துவந்த கம்பனி அது.

குழாய்க்குள் இருந்த டைகுரோமேற்று என்ற உப்பு மஞ்சள் நிறம். மது பட்டால் பச்சையாகும். ஒரு முனையில் வாய், மறு முனையில் பை. பை நிரம்பும்போது இவ்வளவு மூச்சு போனது என்று கணக்கு. பச்சை கோட்டைத் தாண்டினால் ஆள் மாட்டுவார். இன்று அளவை எண்ணிலேயே காட்டும் மின்கருவிகள் வந்துவிட்டன.

அந்தக் கோட்டை எங்கே போடுவது? போர்கன்ஸ்ரைன் என்ற அமெரிக்கர் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் விபத்தில் சிக்கிய ஏறத்தாழ 6,000 சாரதிகளையும், விபத்தில்லாமல் போன இன்னும் கூடுதலானவர்களையும் ஒப்பிட்டு 1964இல் அறிக்கை தந்தார். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுவைத் தாண்டியதும் விபத்து வாய்ப்பு வேகமாக ஏறியது. பிரித்தானியா 1967 ஒக்ரோபரில் அந்த 80ஐச் சட்டமாக்கியது. அடுத்த ஓராண்டில் அங்கே வீதி மரணங்கள் ஆயிரத்துக்கு மேல் குறைந்தன. இலங்கை தன் விதிகளில் எழுதிக்கொண்டதும் இதே 80தான்.

ஆனால் 80 பத்திரமான அளவு அன்று. அது வழக்குப் போடுவதற்கான எல்லை. வாகனம் ஓடிப் பழகாத இளவயதினருக்கு அதற்கு வெகு கீழேயே ஆபத்து ஏறிவிடுகிறது. அதனால்தான் ஜேர்மனி 2007இல் 21 வயதுக்குக் குறைந்த சாரதிகளுக்குச் சுழியம் என்றே விதித்தது. எங்கள் சட்டத்தில் அப்படி இல்லாவிட்டாலும், இளையவர்கள் தாங்களே அதை விதித்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு எதிராக உலவும் நம்பிக்கைகள் பல. தவறணையில் குடித்த கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, அது கணக்கில்லை என்பார்கள். கள்ளிலும் சாராயத்திலும் இருப்பது ஒரே மதுசாரம். பலூன் பனையையும் தென்னையையும் பிரித்துப் பார்க்காது. வெற்றிலையும் ஏலக்காயும் வாய்மணத்தை மறைக்கும். ஆனால் மது வருவது நுரையீரலின் அடியில் இரத்தத்திலிருந்து. தேசிக்காய்ச் சாறும் தலைமுழுக்கும் வெறியைக் கலைக்கா. உடம்பு 100 மில்லிலீற்றர் இரத்தத்திலிருந்து மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் கழிக்கும். நள்ளிரவில் 150இல் இருப்பவர் முழுதாகத் தெளியக் காலை பத்து மணியாகும். இரவு திருவிழாவில் குடித்துவிட்டு விடிய எழும்பி வேலைக்கு ஓடுகிறவர் இதைக் கவனிக்கவேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கும். ஆனால் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயது நிறையாதவருக்கு மது விற்கவே கூடாது. 19 வயதுப் பிள்ளைக்கு ஒரு பியர் போத்தல் கொடுக்கும் கடைக்காரர் குற்றவாளி. வெறியில் ஓடிப் பிடிபட்டால் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டம். அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்படலாம், சிறையும் வரலாம்.

தம்பி, தங்கச்சி, குடித்த நண்பர் சாவியை எடுத்தால் வாங்கி வையுங்கள். பின்னால் ஏறாதீர்கள். எந்தச் சாமமானாலும் வீட்டுக்கு அழைப்பு எடுங்கள். அப்பா ஏசுவார், ஏசட்டும். உங்களைக் கூட்டிக்கொண்டு போக அவரே வருவார்.