கோட்டைக் கதவும் யானை நெற்றியும்

பழைய கோட்டைகளுக்குப் போனால், வாசல் கதவில் கூர்கூராக இரும்பு முள் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அது மனுஷனைத் தடுக்க இல்லை, யானையைத் தடுக்க. முற்றுகையில் கதவை உடைக்கிற வேலை யானையோடது. எதிரியின் கதவைக் குத்திக் குத்தித் தந்தம் மழுங்கிய யானைகளைச் சங்கப் புலவர்களே பாடியிருக்காங்க.

ஆனா இந்த ஆயுதத்துக்கு உயிர் இருக்கு, பயமும் இருக்கு. அதுதான் இன்னைக்கு நம்ம விஷயம்.

தஞ்சைச் சோழர்களையே எடுத்துக்குவோம். 949-இல் தக்கோலத்தில் இளவரசன் இராசாதித்தன், 1054-இல் கொப்பத்தில் முதலாம் இராசாதிராசன். இரண்டு பேரும் போர்க்களத்தில் யானை மேலேயே இறந்தவங்க. 'ஆனைமேல் துஞ்சிய' என்ற அடைமொழியே அப்படி வந்ததுதான். யானை மேல உட்கார்ந்தால் படை முழுக்கத் தெரியும். எதிரிக்கும் தெரியும், இல்லையா?

துப்பாக்கி வந்த பிறகு என்ன ஆச்சு? 1749 கடைசியில் சந்தா சாகிப் தஞ்சாவூரை முற்றுகையிட்டார். மன்னர் பிரதாப சிங் பணம் தருவதாகப் பேச்சு நடத்தியே நாளைக் கடத்தினார். 1751-இல் அதே சந்தா சாகிப் திருச்சியை வளைத்துக்கொண்டு நின்றார். அந்தப் படையைப் பிரிக்கத்தான் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். அதை மீட்கப் போனவர் சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்.

ஐம்பது நாள் முற்றுகை. நவம்பரில் கடைசித் தாக்குதல். உள்ளே சண்டை போடக்கூடிய நிலையில் இருந்தவங்க சுமார் 200 பேர்தான். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை நோக்கி விரட்டினாங்க. தகடு நெற்றியைக் காப்பாற்றும், உடம்பைக் காப்பாற்றுமா? குண்டு பட்டதும் யானைகள் திரும்பின. பின்னால் வந்த சொந்த ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடின. முற்றுகை கலைந்தது.

ஆற்காட்டு முற்றுகை தோற்றதுக்கு யானை மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா காற்று அதோட மாறிப்போச்சு. அடுத்த வருஷம், 1752 ஜூனில், திருச்சி பக்கம் சிக்கிக்கொண்ட சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பிச் சரணடைந்தார். தலை போச்சு.

அந்த யானைகளைக் கோழை என்று சொல்லத் தோணுதா? எனக்குத் தோணலை. அங்கே யாருக்காகச் சண்டை என்று தெரியாமல் நின்றது அவை மட்டும்தான். வலித்தது, திரும்பிப் போச்சு. அவ்வளவுதான்.