கொண்டி: ஒரு சொல்லின் இரு முகங்கள்

சிறைப்பட்டோரைக் குறிக்க நாம் வழங்கும் 'கைதி' தமிழ்ச் சொல்லன்று. கையில் விலங்கிடப்படுவதால் கைதி எனப் பொருள் சொல்வோர் உண்டு. உண்மையில் அது 'கட்டு' எனப் பொருள்படும் அரபுச் சொல்லினின்று பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே சிறைப்பட்டோர்க்குத் தமிழில் வழங்கிய சொற்களுள் ஒன்று 'கொண்டி'.

'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் கொள்ளையையும் கொள்ளையிடப்பட்ட பொருளையும் ஒருங்கே சுட்டும். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையில் 'கொண்டி மகளிர்' வருகின்றனர். நீர்த்துறையில் மூழ்கி, அந்தியில் அணையா விளக்கேற்றி, மெழுகி மலரிட்ட பொதியிலில் கந்தினைப் பேணும் பெண்கள் இவர்கள். பகைவரிடமிருந்து பிடித்துவரப்பட்ட மகளிர் என்பது நச்சினார்க்கினியர் உரை. ஊரார் பலரும் தொழும் அவ்விடத்தின் விளக்கு, ஊரிழந்த பெண்களின் கையால் ஏற்றப்படுகிறது. இக்காட்சியை எடுத்துக்காட்டுவோர், விளக்கேற்றுபவர் யாரென்று பெரும்பாலும் கேட்பதில்லை.

மதுரைக்காஞ்சியிலும் இதே தொடர் உண்டு. அங்கே அது, செல்வ இளைஞரை மயக்கிப் பொருள் கவரும் பரத்தையரைக் குறிக்கிறது. ஓரிடத்தில் கொள்ளப்பட்டவள், மற்றோரிடத்தில் கொள்பவள். இலக்கண நோக்கில் இரண்டும் பொருந்தும். 'கொண்டி' என்ற சொல் வடிவம் செய்தவரையும் செயப்பட்டவரையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆயின் இரண்டாம் பொருளை மட்டும் மனங்கொண்டு முதலதைப் படிப்போமாயின், சிறைப்பட்ட பெண் மீது பரத்தைமைப் பழியும் சேர்ந்துவிடும்.

இது சங்க காலத்தோடு முடிந்த வழக்கமன்று. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் கொப்பத்தில் சாளுக்கியரை வென்ற சோழன் இரண்டாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, கைப்பற்றிய யானை, குதிரை, ஒட்டகம், பன்றிக்கொடி ஆகியவற்றோடு சத்தியவ்வை, சாங்கப்பை முதலிய தேவியரையும் அடுக்குகிறது. 'கொண்டி' என்ற சொல்லுக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. இவ்வாறு கவர்ந்துவரப்பட்ட மகளிர் வைக்கப்பட்ட இடத்திற்கு 'வேளம்' என்று பெயர். பாண்டியர் விழிஞத்துக்கும் காட்டுக்கும் ஓட, அவர்தம் மகளிர் வேளம் புகுந்ததைக் கலிங்கத்துப்பரணி வெற்றிக் களிப்போடு பாடுகிறது.

பின்னாளில் 'கொண்டி' மனிதரை விட்டு நீங்கி மாட்டைச் சேர்ந்தது. அடங்காமல் பிறர் பயிர் மேயும் மாடு கொண்டிமாடு. அதனைப் பிடித்து அடைக்குமிடம் கொண்டித்தொழு. பிடிபடுவதும் அடைபடுவதும் சொல்லில் எஞ்சியுள்ளன, மகளிர் மறைந்துவிட்டனர். பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்ததால் அவர்களை நாம் மீண்டும் காண முடிகிறது. பட்டினப்பாலையை அடுத்த முறை கையிலெடுப்போர், துறைமுகத்துப் பண்டக் குவியலைக் கடந்ததும் அந்தப் பொதியில் விளக்கின் அருகே சற்று நின்று செல்லலாம்.